ஏறுது, இறங்குது, நிக்குது

என் வீட்டுக்காரருக்கு ஆலையில் லெவல் என்று பெயர். பெற்றவர்கள் ஆசை ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. கேன்டீனில் அவர் லெவல், வாயிற்காவலருக்கு லெவல் சார். காகித ஆலையின் பாய்லரில் வேலை பார்க்கிறவர். ஷிஃப்டுக்குள் காலடி வைத்ததும், நல்லாயிருக்கியா என்று ஒரு வார்த்தை கேட்பதற்கு முன்னால், "லெவல் என்ன?" என்று கேட்பார். அதனால் வந்த பெயர். வீட்டுக்கு ஃபோன் செய்தாலும் அதே கேள்விதான். மாடித் தொட்டியில் தண்ணீர் லெவல் என்ன என்பார். பாதி இருக்கிறது என்பேன். ஏறுதா, இறங்குதா என்பார். தொட்டி ஏறினால் என்ன, இறங்கினால் என்ன, நீ சாப்பிட்டாயா என்று ஒரு நாளாவது கேட்கக் கூடாதா என்று சண்டை பிடித்திருக்கிறேன். சிரித்து மழுப்பிவிட்டு ஃபோனை வைத்துவிடுவார்.

அப்படிப்பட்டவர், ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயதில் என்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்தார். வேலை பார்க்கிறவர்களுக்காகச் சாயங்கால வகுப்பு நடத்துகிற பல்கலைக்கழகம் ஒன்று பக்கத்தில் இருக்கிறது. டிப்ளமாவோடு நிறுத்தியிருந்தவர், திடுதிப்பென்று ஒரு நாள் அதில் போய்ச் சேர்ந்துவிட்டு வந்தார். பதவி உயர்வுக்காக என்று நான் நினைத்தேன். அக்கம்பக்கத்தில் அப்படித்தான் பீற்றிக்கொண்டேன். கணக்கு, மின்சாரம், இயந்திரம் என்று எல்லாவற்றிலும் தட்டுத் தடுமாறிப் பாஸாகிவிட்டார். ஒரே ஒரு பாடம் மட்டும் அவர் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தது. ஃபீட்பேக் கண்ட்ரோல் சிஸ்டம்ஸ். ஒவ்வொரு முறையும் எழுதுவார், ஒவ்வொரு முறையும் கோட்டை விடுவார். கடைசியில், பழைய பாடத்திட்டத்தை மூடுகிறோம், இன்னும் ஒரே ஒரு தேர்வுதான், இதிலும் தவறுகிறவர்கள் புதிதாகச் சேர்ந்துகொள்ளலாம் என்று அறிவித்துவிட்டார்கள். தவறினால் அத்தனை வருஷப் படிப்பும் ஆற்றில் கரைத்த புளிதான்.

அந்தப் பாடம் என்னவென்று எனக்கும் ஓரளவு தெரியும். படிக்கும்போது யாராவது எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்டால்தான் அவருக்கு மண்டையில் ஏறும். அந்த வேலை என்னுடையது. ஒன்றை இயக்குகிறோம். அது என்ன செய்கிறது என்று பார்க்கிறோம். பார்த்ததை வைத்துக் கூட்டுகிறோம் அல்லது குறைக்கிறோம். பாடத்தின் உயிர் அவ்வளவுதான். இதை நான் தினமும் அடுப்பங்கரையில் செய்கிறேன், எனக்கு எந்தப் பல்கலைக்கழகமும் பட்டம் கொடுக்கவில்லை என்று சொன்னேன். அவர் சிரிக்காமல், உன் அடுப்புக்கும் சமன்பாடு உண்டு என்றார். சாப்பாட்டு மேசை முழுக்க கிராஃப் தாளை விரித்து, நடுவில் ஒரு கோடு போட்டு, பெருக்கல் குறிகளும் பூஜ்யங்களுமாக வரைவார். கோட்டுக்கு இடப்பக்கம் இருந்தால் பிழைத்தோம். வலப்பக்கம் போனால் வம்பு. சின்னப் பிள்ளைகள் விளையாட்டுக்கு ஒரு பெரிய மனுஷர் இவ்வளவு வியர்ப்பாரா என்று இருக்கும்.

என் அண்ணனைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும், சொல்லாமல் மேலே போக முடியாது.

அண்ணனும் அதே பாய்லரில்தான் வேலை பார்த்தான். இவருடைய கூட்டாளி. இவரை வீட்டுக்கு அழைத்து வந்து, இவனைவிட நல்லவன் கிடைத்தால் சொல்லு, அவனையே பார்க்கலாம் என்று எனக்குக் கல்யாணம் பேசி முடித்தவன். கல்யாணத்துக்குப் பிறகும், அண்ணியை வீட்டில் விட்டுவிட்டு, பாதி நாள் எங்கள் வீட்டில்தான் கிடப்பான். இவரை மாப்ள என்று வாய் நிறையக் கூப்பிடுவான். இரண்டு பேரும் பேச ஆரம்பித்தால் பாய்லர் எங்கள் கூடத்துக்கே வந்துவிடும்.

பாய்லரின் உச்சியில் டிரம் என்று ஒரு பெரிய இரும்பு உருளை இருக்கிறது. அதில் தண்ணீர் ஒரு மட்டத்தில் நிற்க வேண்டும். கூடினால் தொல்லை, குறைந்தால் ஆபத்து. ஒரு நாள் காலை ஷிஃப்டில் தண்ணீர் குறைந்தது. தண்ணீர் இல்லாமல் தீயில் காய்ந்த குழாய் ஒன்று வெடித்து, கீழே நின்றிருந்த என் அண்ணன் மேல் நீராவி பாய்ந்தது. அந்த இடத்திலேயே முடிந்துவிட்டான். விசாரணை வைத்தார்கள். தண்ணீர் குறைந்துகொண்டிருந்த நேரத்தில், தண்ணீர் வருகிற வால்வை என் அண்ணனே மூடியிருக்கிறான், இது அவனுடைய தவறு என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஊர் வாயை மூட உலைமூடி ஏது? தண்ணி குறையும்போது எவனாவது வால்வை மூடுவானா என்று என் காதுபடவே பேசினார்கள். தூங்கிட்டானோ என்றார்கள். குடிச்சிருப்பானோ என்றார்கள். டீயைத் தவிர வேறெதையும் தொடாதவன் என் அண்ணன். அப்படிப் பேசுகிற இடங்களில் என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். கூட்டாளியை இழந்த துக்கம், பாவம், என்று நான் அவருக்காக இரக்கப்பட்டேன்.

அன்றிலிருந்து எங்கள் வீடு முன்னைப் போல இல்லை. குழாயில் காற்று அடைத்துத் தண்ணீர் வரும்போது ஒரு முனகல் கேட்கும். எல்லா வீட்டிலும் கேட்கிறதுதான். இவர் கையில் எடுத்த கவளத்தை வாய்க்குக் கொண்டுபோகாமல் காதைத் தீட்டிக்கொள்வார். யாரோ கேட்டதற்குப் பதில் சொல்லப்போகிறவர் மாதிரி உதடு அசையும். பிறகு ஒன்றும் நடக்காததுபோலச் சாப்பிடுவார். குக்கர் விசில் அடித்தால் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விடுவார். நான் குக்கரைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு, பானையில் வடிக்க ஆரம்பித்தேன். பேய், பிசாசு என்று பேசுகிறவள் இல்லை நான். ஆனால் அந்தக் குழாய் முனகும்போது நானும் முதுகு சில்லிட்டுத் திரும்பிப் பார்த்திருக்கிறேன், பொய் சொல்ல மாட்டேன்.

கடைசித் தேர்வுக்கு முன்னால் ஒரு விடுமுறை நாள். மத்தியானச் சாப்பாடு முடித்து மேசையைத் துடைத்துவிட்டு, பழைய கேள்வித்தாள்களோடு எதிரில் உட்கார்ந்தேன். வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தேன். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது, ஒரு கேள்வி வந்தபோது மட்டும் அடுத்தது கேள் என்றார். போன தடவையும் அதைத்தான் தாண்டினார், அதற்கு முந்தின தடவையும். எல்லா வருஷமும் தவறாமல் வருகிற கட்டாயக் கேள்வி. மார்க்கில் பெரும்பங்கு அதற்குத்தான். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"தாண்டிக்கிட்டே போனா எப்படி வரும்? உக்காந்து வரைங்க. வரைஞ்சு முடிச்சாத்தான் இந்த மேசைய விட்டு எழுந்திரிக்கணும்."

பென்சிலை எடுத்தார். ஒரு கோடு வரைந்தார். மேலே கொஞ்சம் ஏறி, அப்படியே வளைந்து, ஏறியதைவிடப் பல மடங்கு கீழே இறங்குகிற கோடு. புத்தகத்தில் இதற்கு இன்வர்ஸ் ரெஸ்பான்ஸ் என்று பெயராம். சில விஷயங்கள் முதலில் தலைகீழாகப் பதில் சொல்லும், நிஜத்தில் இறங்கப்போகிறது முதலில் ஏறிக் காட்டும் என்றார். அந்தப் பூஜ்யம் வலப்பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டால் இப்படி ஆகும். முதல் அசைவைப் பார்த்துக் கையை வைத்தால் காரியம் கெட்டுவிடும். பொறுத்திருக்க வேண்டும், வேறு வழியில்லை.

உலகத்தில் எந்தப் பொருள் இப்படி நடந்துகொள்ளும், உதாரணம் சொல்லுங்கள் என்றேன். கேள்வித்தாளிலும் உதாரணம் கேட்டிருந்தார்கள். அவர் பென்சிலைக் கீழே வைத்தார். பிறகு பாய்லர் டிரம் என்றார். காகித மெஷின் திடீரென்று நிறைய நீராவியை இழுத்தால் டிரம்மில் அழுத்தம் விழும். அழுத்தம் விழுந்தால் தண்ணீருக்குள் இருக்கிற குமிழியெல்லாம் ஊதிப் பெரிதாகும். தண்ணீர் வெளியே போய்க்கொண்டிருக்கும், ஆனால் மட்டம் மேலே ஏறும்.

"பால் பொங்கற மாதிரியா?" என்றேன். "பாத்திரம் நெறைய வந்துடும். ஆனா பால் ஒரு சொட்டுகூடக் கூடியிருக்காது."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஆமாம், அதேதான் என்றார்.

எனக்குள் ஏதோ ஒன்று அவிழ்ந்தது. பொங்கின பாலைப் பார்த்துப் பால் கூடிவிட்டது என்று நினைக்கிறவன் என்ன செய்வான்? ஊற்றுவதை நிறுத்துவான். யாராக இருந்தாலும் நிறுத்துவான். அப்படியானால் என் அண்ணன் தூங்கவில்லை, குடிக்கவில்லை, மூளை கெட்டுப் போகவில்லை. மட்டம் ஏறுவதைக் கண்ணால் பார்த்துத்தான் மூடியிருக்கிறான். அத்தனை வருஷமாக நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ எடுத்து வெளியே போட்டதுபோல இருந்தது. சந்தோஷம் என்றே சொல்வேன். அவன் பாத்ததை நம்பியிருக்கான், அவ்வளவுதானே என்று அவர் கையைப் பிடித்துக் கேட்டேன்.

"அவர் பாக்கல," என்றார் என் வீட்டுக்காரர். "அவர் கீழ வால்வுகிட்ட நின்னார். பாத்தது நான்."

அதற்குப் பிறகு அவர் சொன்னதைக் கோவையாகச் சொல்கிறேன். அவர் விட்டு விட்டுத்தான் சொன்னார். அன்றைக்கு மட்டம் காட்டுகிற கருவி பழுது. அப்படி ஆனால் ஒருவர் மேலே டிரம்மின் பக்கத்தில் நின்று கண்ணாடிக் குழாயைப் பார்க்க வேண்டும், இன்னொருவர் கீழே நின்று வால்வைத் திருப்ப வேண்டும். இரண்டு பேருக்கும் நடுவில் இன்டர்காம். பாய்லர் இரைச்சலில் எண்ணைச் சொன்னால் நாற்பது நாற்பத்தைந்தாகக் கேட்கும் என்று, எண் சொல்லவே கூடாது என்பது அவர்கள் வழக்கம். மேலே இருப்பவன் மூன்றே வார்த்தைதான் சொல்லலாம். ஏறுது, இறங்குது, நிக்குது. அண்ணன் கீழேயிருந்து லெவல் என்ன என்று கேட்டான். இவர் ஏறுது என்றார். மறுபடி கேட்டான். மறுபடி ஏறுது என்றார். கண்ணாடியில் மட்டம் ஏறிக்கொண்டுதான் இருந்தது. பிறகு அது சரிந்தது, கண்ணாடியை விட்டே காணாமல் போனது. இவர் இறங்குது, இறங்குது என்று கத்தியபோது கீழே வெடித்துவிட்டது.

விசாரணையில் மட்டம் குறைந்திருந்ததா என்று கேட்டார்கள். குறைந்திருந்தது என்றார். அதற்கு மேல் அவர்கள் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

லெவல் என்ன. எத்தனை வருஷம், எத்தனை ஃபோன். ஏறுதா இறங்குதா என்று அவர் கேட்டதற்கெல்லாம் நான் சலித்துக்கொண்டே பதில் சொல்லியிருக்கிறேன். அது என் அண்ணனுடைய கேள்வி. செத்துப்போனவனின் கேள்வியை இந்த மனுஷர் வாயில் வைத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்திருக்கிறார், நானும் மாடிப்படி ஏறிப் பார்த்து அவனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"தப்பாப் பாத்துட்டேன்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன்," என்றார். "என் கண்ணு ஏமாத்திடுச்சா, இல்ல நெஜமாவே ஏறுச்சான்னு தெரியணும். அதுக்குத்தான் படிக்கப் போனேன். இந்தப் பாடம் வந்தப்போ தெரிஞ்சுது. நான் சரியாத்தான் பாத்தேன். சரியாத்தான் சொன்னேன். சரியாச் சொல்லித்தான் அவரைக் கொன்னேன்."

தேர்வில் அந்தக் கேள்வியைப் பார்த்ததும் காதில் இன்டர்காம் இரையுமாம். கை பேனாவைப் பிடிக்காதாம். அதனால்தான் ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கத்தை வெறுமையாக விட்டுவிட்டு எழுந்து வந்திருக்கிறார்.

ஒரு வார்த்தை சொன்னதற்காக நான் அவர் மேல் கோபப்படவில்லை. கண்ணாடியில் தெரிந்ததைத்தானே சொன்னார். ஊரே என் அண்ணனைக் குடிகாரன், தூங்குமூஞ்சி என்று பேசியபோது தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாரே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அது துக்கம் என்று நினைத்து நான் முதுகைத் தடவிக் கொடுத்திருக்கிறேன். தடவின கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது.

அவரோடு பேசுவதை நிறுத்தினேன். பேச்சை நிறுத்தினேனே தவிரச் சாப்பாட்டை நிறுத்தவில்லை, கேள்வி கேட்பதையும் நிறுத்தவில்லை. எதிரில் உட்கார்ந்து, கேள்வித்தாளில் விரலை வைத்துக் காட்டுவேன். அவர் தாளில் எழுதுவார். தப்பென்றால் இன்னொரு முறை விரலை வைப்பேன். அந்தக் கேள்வியில் மட்டும் தினமும் விரலை வைத்தேன். அவர் தினமும் அந்தக் கோட்டை வரைந்தார். ஏறி, வளைந்து, இறங்குகிற கோடு. வீட்டில் எங்கே பார்த்தாலும் அந்தக் கோடு கிடந்தது. பழைய தாளில் பொட்டலம் மடித்தால் அதில் கிடந்தது. கண்ணை மூடினாலும் தெரிந்தது. அண்ணன் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறான், நாங்கள் இருவரும் மேலே உட்கார்ந்து கோடு போட்டுக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றும்.

தேர்வன்று பஸ்ஸில் அவரோடு போனேன். தனியாக அனுப்ப மனம் வரவில்லை, அவர் மேல் நம்பிக்கையும் வரவில்லை. மணி அடித்து எல்லோரும் வெளியே வந்த பிறகு, கடைசி ஆளாக வந்தார். வந்ததா என்று கேட்டேன், அதுதான் நான் அவரிடம் மறுபடி பேசிய முதல் வார்த்தை. வந்தது என்றார். எழுதினீர்களா என்றேன். எழுதிவிட்டேன் என்றார். முகத்தில் ரத்தம் இல்லை. பிழைத்தோம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.

முடிவு வந்தபோது எல்லோருக்கும் மார்க் வந்திருந்தது. இவருக்கு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது, நேரில் வரவும் என்று வந்திருந்தது. காப்பியடிக்கிற ஜாதி இல்லையே இவர் என்று தலையைப் பிய்த்துக்கொண்டேன். என்ன செய்தீர்கள் என்று கேட்டால், போய்ப் பார்ப்போம் என்றார்.

பல்கலைக்கழகத்தில் ஒரு நீளமான தாழ்வாரம், பெஞ்சு, உள்ளே ஒரு அறை. அவரை உள்ளே அழைத்தார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சிறிது நேரத்தில் வெளியே வந்து என் பக்கத்தில் நின்றார். கையில் திறந்த பேனா இருந்தது.

விடைத்தாளில் எந்த மனுஷருடைய பெயரையும் எழுதக் கூடாதாம். எழுதினால் அது திருத்துகிறவருக்குக் காட்டுகிற ஜாடை என்று எடுத்துக்கொள்வார்களாம். தாள் செல்லாது. அந்த விதி முதல் பக்கத்திலேயே அச்சடித்திருக்கிறது, இவரும் அத்தனை முறை படித்தவர்தான். தெரிந்தே எழுதியிருக்கிறார். அந்தக் கேள்விக்குக் கோடு வரைந்து, சமன்பாடு எழுதி, உதாரணமாகப் பாய்லர் டிரம்மைச் சொல்லிவிட்டு, அதன் கீழே இரண்டு வரி. என்ன வரி என்று கேட்டேன். பாடம் ஒப்பிக்கிற குரலில் சொன்னார். அண்ணனின் பெயரை முழுசாகச் சொல்லி, இவர் மீது தவறு இல்லை, ஏறுகிறது என்று இவரிடம் சொன்னவன் நான் என்றார்.

உள்ளே நடுவில் உட்கார்ந்திருந்த பேராசிரியை நல்ல மாதிரியாம். முழு விடையையும் படித்துவிட்டு, இது ஜாடை இல்லை என்று எனக்குத் தெரிகிறது, ஆனால் பெயர் இருக்கிற தாளைத் திருத்த அனுப்ப முடியாது என்றாராம். அந்த இரண்டு வரியையும் நீங்களே ஒரு கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டால், கைத்தவறு என்று எழுதித் திருத்த அனுப்பிவிடுகிறேன், இல்லாவிட்டால் ரத்து என்றிருக்கிறார். இவர் யோசிக்க ஒரு நிமிஷம் அவகாசம் கேட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்திருக்கிறார்.

"என்னால முடியல," என்றார். "அவர் மேல தப்பில்லன்னு எழுதினது உலகத்துலயே அந்த ஒரு எடத்துலதான். அதையும் என் கையாலயே அடிக்கணுமா? பட்டம் வேணாம், போயிடலாம்."

என் அண்ணன் பெயருக்காக நான் பூரித்திருக்க வேண்டும். ஒரு கணம் பூரிக்கத்தான் செய்தேன். அடுத்த கணம் பற்றிக்கொண்டு வந்தது.

"யாருக்கு எழுதினீங்க அதை? திருத்துற வாத்தியார் உங்க மச்சானப் பாத்திருக்காரா? இந்தத் தாளக் கட்டி மூட்டையாப் போட்டு எங்கயோ அடுக்கப் போறாங்க. ரெண்டு பஸ் மாறினா அண்ணி வீடு. அவங்க இன்னைக்கு வரைக்கும் ஊர் பேசுறதக் கேட்டுக்கிட்டுத் துணி தைச்சிக்கிட்டிருக்காங்க. அவங்ககிட்ட சொல்ல வாய் வரல, யாரோ ஒருத்தருக்கு எழுத கை வருதா?"

அவர் பேனாவை மூடப் போனார்.

"அடிச்சிட்டு வாங்க," என்றேன். "தாள்ல அடிங்க. சொல்ல வேண்டியத சொல்ல வேண்டிய எடத்துல சொல்லுங்க. நானும் வரேன்."

அவர் உள்ளே போனார். கதவு பாதி திறந்திருந்தது. அவர் குனிவது தெரிந்தது. பேனா நகர்வது எனக்குக் கேட்டது என்றால் யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் கேட்டது. என் அண்ணன் பெயர் மேல் ஒரு கோடு. அதை அடிக்கச் சொன்னவள் நான். பாஸ் ஆகிவிட்டார் என்று அப்புறம் தெரிந்தது, நல்ல மார்க்தான். அன்றைக்கு அந்த நினைப்பே எங்களுக்கு இல்லை. நேரே பஸ் நிறுத்தத்துக்குப் போனோம். வழியெல்லாம் அவர் முன் சீட்டுக் கம்பியை விடாமல் பிடித்தபடி வந்தார்.

அண்ணி முன்னறையில் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தார். கழுத்தில் அளவெடுக்கிற இஞ்ச் டேப், சுற்றிலும் வெட்டின நீலத் துணி. எங்களைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தாமலே, உக்காருங்க, இந்தக் காலர மட்டும் முடிச்சிடறேன் என்றார். இவர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். தாளில் எழுதியதுபோல அழகாக வரவில்லை. கண்ணாடி, இன்டர்காம், குமிழி என்று முன்னும் பின்னுமாக உளறி, கடைசியில் அழுதுவிட்டார். அன்னைக்கு ஏறுதுன்னு அவர்கிட்ட சொன்னது நான்தான் அக்கா, அவர் என்னை நம்பித்தான் மூடினார் என்றார்.

மெஷின் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. அண்ணி கத்துவார், வெளியே போ என்பார், கத்தரிக்கோலை எடுத்து வீசினாலும் நியாயம்தான் என்று நான் தயாராக நின்றேன்.

"அப்போ நீங்க அவர்கூடப் பேசிக்கிட்டிருந்தீங்களா?" என்றார் அண்ணி.

"ஆமாங்கா."

"கடைசி வரைக்குமா?"

"கடைசி வரைக்கும்."

அண்ணி மடியில் கிடந்த காலரை எடுத்துத் தட்டி மெஷின் மேல் வைத்தார். "ஒத்தையில செத்தார்னுதான் எங்கிட்ட சொன்னாங்க. பக்கத்துல ஒரு ஆள் இல்ல, கூப்பிட்ட கொரலுக்கு யாரும் இல்லன்னு. தினம் இந்த மெஷின் ஓடறப்போ அவர் கூப்பிடற மாதிரியே இருக்கும். நிறுத்திட்டுக் கேப்பேன். ஒண்ணும் இருக்காது."

எங்கள் வீட்டில் மட்டும்தான் அவன் வருகிறான் என்று நினைத்திருந்தேன்.

இவர் அண்ணியின் காலில் விழப் போனார். அண்ணி தடுத்துவிட்டார். "கோவம் வரும் தம்பி. வராமப் போகாது. அது அப்புறம் வரட்டும்," என்றார். "நீங்க ஏறுதுன்னு சொன்னீங்க. அதுக்கு அவர் என்ன சொன்னார்?"

"சரி மாப்ள, மூடிட்டேன்னார்."

"அப்படி இல்ல. அவர் எப்படிச் சொன்னாரோ, அப்படியே சொல்லுங்க."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு முறை மூச்சை இழுத்துவிட்டார். பிறகு அந்த அறையில் என் அண்ணன் பேசினான். இரைச்சலுக்கு மேலே எழுப்பின குரல், அவசரமே இல்லாத குரல், மாப்ளயில் ஓர் இழுப்பு.

"சரி மாப்ள, மூடிட்டேன்."

அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். "இன்னொரு தடவ," என்றார்.